சி.பி. குழந்தையின் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால்: கண்ணீர்க்குழாய் அடைப்புக்கு முழுமையான வழிகாட்டி

பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி: மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பு இறுகியோ தொய்ந்தோ போய், அசைவு கட்டுக்குள் வராத நிலை) உள்ள, அதாவது தெரபி சென்டரில் எல்லோரும் சொல்கிற சி.பி. உள்ள குழந்தைக்குக் கண்ணீர்க்குழாய் அடைப்பும் சேர்ந்து இருந்தால் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதற்கான குறிப்பு இது. அடைப்பைத் திறக்க மூக்கோரம் விரலால் அழுத்துகிற மசாஜைக் கண் டாக்டர் இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்து விரலை வைத்தால் குழந்தை முதுகை வில்லாக வளைக்கும், தலையைத் திருப்பும், வீறிட்டு அழும். பத்து நாளில் அம்மா கைவிட்டுவிடுவார். என் மகனுக்கு இதையெல்லாம் செய்து முடித்த பிறகு, தெரபிக்குப் புதிதாக வருகிற அம்மாக்களுக்கு வராண்டாவில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்து வருகிறேன். நான் பார்த்த வரையில் விரல் வேலை எல்லோருக்கும் சீக்கிரம் வந்துவிடுகிறது. குழந்தையை வைத்துக்கொள்ளும் விதத்திலும், எதை முதலில் எதை அப்புறம் என்பதிலும்தான் தடுமாறுகிறார்கள்.

1. முதலில், அது அடைப்புதானா என்று பாருங்கள்

கண்ணீர் இமைகளின் உள்மூலையில் இருக்கும் ஊசிமுனை அளவுத் துளைகள் வழியாக மூக்கோரம் உள்ள ஒரு சின்னப் பைக்குப் போய், அங்கிருந்து குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. பிறவி அடைப்பில், பெரும்பாலும் அந்தக் குழாயின் அடிமுனையில் ஒரு மெல்லிய சவ்வு திறக்காமல் நின்றுவிடுகிறது. இது சி.பி.யால் வந்ததல்ல, எந்தக் குழந்தைக்கும் வரலாம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும்.

அடையாளம் இப்படி இருக்கும்: பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பித்திருக்கும். அழாமலேயே கன்னத்தில் நீர் இறங்கும். காலையில் இமை ஒட்டிக்கொண்டு பீளை கட்டியிருக்கும், ஆனால் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். சளி பிடித்தால் கூடும். காற்றிலும் கூடும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கிற பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்து அம்மாக்கள் "ஆனி ஆடியில்தானுங்க ரொம்ப வருது" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நம் குழந்தைகளிடம் கண்ணீர் வர வேறு காரணங்களும் உண்டு. கீழ் இமையின் முடி உள்பக்கம் திரும்பி விழியை உரசலாம். தூங்கும்போது இமை முழுதாக மூடாமல் விழி காய்ந்து, அதனால் நீர் சுரக்கலாம். கை கட்டுப்பாடு இல்லாத குழந்தை தன் நகத்தாலேயே விழியைக் கீறியிருக்கலாம். எப்போதும் ஒரே பக்கம் தலை சாய்த்துப் படுக்கிற குழந்தைக்கு எச்சிலும் கக்கின பாலும் அந்தப் பக்கக் கன்னத்தில் வழிந்து கண்ணுக்குள் போகும். இவை எதற்கும் மசாஜ் பயன்படாது. ஆறு மாதம் வரை கண் நன்றாக இருந்து, அப்புறம் புதிதாக நீர் வடிய ஆரம்பித்தால் "அடைப்புதான்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

கண் மருத்துவமனையில் மஞ்சள் சாயச் சொட்டு ஒன்று விட்டு 5 நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். குழாய் திறந்திருந்தால் சாயம் வடிந்து போயிருக்கும், அடைத்திருந்தால் கண்ணிலேயே தேங்கி நிற்கும். வலி இல்லாத சோதனை, அதனால் தயங்காமல் கேளுங்கள். விழியில் கீறல் இருந்தாலும் அதே சாயத்தில் தெரிந்துவிடும்.

2. இவை இருந்தால் மசாஜ் வேண்டாம், நேராக மருத்துவமனை

உள்மூலைக்குக் கீழே சிவந்து வீங்கி, தொட்டால் குழந்தை துடித்தால் பையில் சீழ் பிடித்திருக்கலாம், கூடவே காய்ச்சலும் இருக்கலாம். அன்றைக்கே போங்கள். அழுத்திச் சீழை வெளியேற்றப் பார்ப்பது ஆபத்து, தொற்று பரவிவிடும்.

பிறந்த குழந்தைக்கு அதே இடத்தில் நீல நிறத்தில் ஒரு புடைப்பு இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, மூச்சு விடுவதற்கும் அது தடையாகலாம்.

வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறது, கருவிழி மங்கலாகவோ வழக்கத்தைவிடப் பெரிதாகவோ தெரிகிறது என்றால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். அதிலும் முதல் அறிகுறி கண்ணீர்தான். சி.பி. குழந்தை வெளிச்சத்துக்கு முகம் சுளித்தால் "அவனுக்கு எதைப் பார்த்தாலும் கூசும்" என்று விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவராதீர்கள்.

3. கண் டாக்டரிடம் போகும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது கொடுக்கிற மருந்துகளின் பட்டியல், காலையில் எழுந்தவுடன் கண் இருக்கும் நிலையைப் போனில் எடுத்த வீடியோ. இந்த மூன்றும் போதும். வீடியோ எதற்கென்றால், நீங்கள் டோக்கன் போட்டு உள்ளே போவதற்குள் முகம் துடைத்துக் கண் பளிச்சென்று இருக்கும், டாக்டருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

மருந்துப் பட்டியலில் எச்சிலைக் குறைக்கக் கொடுக்கிற ட்ரைஹெக்ஸிபெனிடில், கிளைகோபைரோலேட் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். அவை வாயை மட்டும் அல்ல, கண்ணையும் காயவைக்கும். நீர் குறைந்துவிட்டதே, அடைப்பு சரியாகிவிட்டதோ என்று தோன்றும், ஆனால் பீளை கெட்டியாகியிருக்கும்.

வலிப்பு உள்ள குழந்தை என்றால், கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே, சொட்டு விடுகிற சிஸ்டரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அந்த வகையில் சில மருந்துகள் நரம்பு மண்டலத்தைத் தூண்டக்கூடியவை, மருந்தையும் அளவையும் அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். போனது போனபடி பார்வை அளவு, மாறுகண், குறைமாதக் குழந்தையாக இருந்தால் விழித்திரை எல்லாவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நம் குழந்தைகளில் நிறையப் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும்.

கோவையில் அவிநாசி ரோட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையும், சத்தி ரோட்டில் சங்கரா கண் மருத்துவமனையும் இருக்கின்றன. குழந்தைகள் கண் பிரிவு எந்த நாளில், எந்த நேரத்தில் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அரசு வழியில் போவதானால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள், பதிவு செய்துகொண்டால் தெரபிக்கும் கண்ணுக்கும் ஒரே இடத்திலிருந்து சீட்டு எழுதி அனுப்புவார்கள்.

4. மசாஜுக்கு நேரம் குறியுங்கள்

சாப்பிட்டவுடன் வேண்டவே வேண்டாம். குழந்தை அழுது இறுகும்போது வயிறு அழுந்தி, குடித்த பால் மேலே வரும். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடலாம். பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது போகட்டும். வலிப்பு வந்து ஓய்ந்த நேரத்திலும் விட்டுவிடுங்கள்.

குளித்த பிறகோ, கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி முடிந்து உடம்பு தளர்ந்திருக்கும்போதோ செய்தால் பாதி வேலை மிச்சம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை என்றால், இருக்கிற வேலைகளோடு ஒட்டிவிடுங்கள்: காலைப் பயிற்சி, குளியல், சாயங்காலப் பயிற்சி, தூக்கத்துக்கு முன். தனி வேலையாக வைத்தால் இரண்டாம் வாரம் நின்றுபோகும்.

5. கண்ணைத் தொடுவதற்கு முன் உடம்பைத் தளர்த்துங்கள்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மற்ற குழந்தையைப் போலக் கட்டிலில் மல்லாக்கப் போட்டு, ஒருவர் கையைப் பிடிக்க ஒருவர் தலையைப் பிடிக்க, மூன்றாவது ஆள் அழுத்துவார். இறுக்கம் உள்ள குழந்தையை மட்டமாக மல்லாக்கப் போட்டாலே தலை பின்னால் போகும், கால் நீளும், முதுகு வளையும். அதைப் பிடித்து அடக்க அடக்க இன்னும் இறுகும்.

இறுக்கமான குழந்தைக்கு: பாயைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். உங்கள் முழங்காலை மடக்கி, பாதம் தரையில் படட்டும். குழந்தையை உங்கள் தொடைமேல், முகம் உங்களைப் பார்க்க, தலை உங்கள் முழங்கால் பக்கம், பிட்டம் உங்கள் வயிற்றோடு ஒட்டி இருக்கும்படி சாய்த்துக்கொள்ளுங்கள். அதன் கால்கள் மடங்கி உங்கள் வயிற்றின்மேல் இருக்கும். இடுப்பும் முழங்காலும் மடங்கினால் பின்னால் வளைகிற வேகம் தன்னால் குறையும். தலைக்குக் கீழே ஒரு மடித்த துண்டை வைத்து, தாடை கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறங்கும்படி செய்யுங்கள். தோள்கள் முன்னால் வரட்டும், இரண்டு கையும் நெஞ்சுக்கு நடுவில் வரட்டும். மெல்லிய துண்டால் தோளோடு தளர்வாகச் சுற்றிவிட்டால் நகம் கண்ணுக்கு வராது.

தொய்வான குழந்தைக்கு: தலை நிற்காது, பக்கவாட்டில் சரியும். மடியில் சாய்த்து, இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்துத் தலையை நடுவில் நிறுத்துங்கள்.

தலை நடுவில் இருப்பது எல்லாக் குழந்தைக்கும் பொது விதி. தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கை நீளும், மறுபக்கக் கை மடங்கும். அது குழந்தையின் சேட்டை அல்ல, தானாக நடக்கிற அனிச்சை. அதனால் பக்கத்திலிருந்து கையைக் கொண்டு போகாமல் முன்னாலிருந்து போங்கள்.

தொடுவதற்கு முன் குரல் கொடுங்கள். பார்வை குறைவான குழந்தைக்கு உங்கள் விரல் வருவது தெரியாது, திடீரென்று முகத்தில் பட்டால் உடம்பே தூக்கிப்போடும். "சாமி, கண்ணு தொடைக்கலாமா" என்று தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லி, தோளிலிருந்து ஆரம்பித்துக் கன்னம், அப்புறம் மூக்கு என்று ஏறுங்கள். உள்ளங்கையை அழுத்தமாக வைத்துத் தொடுங்கள். இறகு பட்டதுபோன்ற மெல்லிய தொடுதலைத்தான் இந்தக் குழந்தைகளால் தாங்க முடிவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் மூக்கு வரைக்கும் வந்து நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

6. மசாஜ் செய்யும் முறை

நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

கையின் அடிப்பகுதியைக் குழந்தையின் நெற்றியில் ஊன்றுங்கள். தலை அசைந்தால் உங்கள் கையும் சேர்ந்து அசையும், விரல் விழிக்குள் போகாது. நிற்காமல் அசைகிற குழந்தைக்கு இது கட்டாயம்.

ஆள்காட்டி விரலின் சதைப்பகுதியை, சின்னக் குழந்தையானால் சுண்டுவிரலை, கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவில் எலும்பின்மேல் வையுங்கள். பை அங்கேதான் இருக்கிறது. உள்நோக்கி அழுத்தி, அழுத்தத்தை விடாமல் மூக்கோரமாகக் கீழே இழுங்கள். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போதும். விரலை எடுத்துவிட்டு மறுபடியும் மேலிருந்து. ஒரு வேளைக்கு 5 முதல் 10 முறை.

சொட்டுநீர்க் குழாயில் மண் அடைத்துக்கொண்டால் மேலிருந்து தண்ணீரை அழுத்தித் தள்ளுவோமே, அதே வேலைதான். பையில் தேங்கிய நீரை அழுத்தி, அந்த அழுத்தத்தால் அடியில் உள்ள சவ்வைத் திறக்கப் பார்க்கிறோம். அதனால்தான் மேலே தடவிவிடுவதால் ஒரு பயனும் இல்லை. உங்கள் நகத்தின் அடிச்சதை வெளுக்கிற அளவுக்கு அழுத்தம் வேண்டும். முகத்தில் எண்ணெய் இருந்தால் விரல் வழுக்கும், முதலில் துடைத்துவிடுங்கள்.

அழுத்தும்போது துளை வழியாகப் பீளை மேலே வந்தால் பயப்படாதீர்கள், பையில் விரல் சரியாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். புதியவர்கள் அடிக்கடி செய்கிற தவறு, கன்னத்திலிருந்து மேலே கண்ணை நோக்கித் தேய்ப்பது. அடுத்தது, மூக்கின் மேல்தண்டில் தேய்ப்பது. இன்னொன்று, ரொம்ப வெளியே போய் விழியையே அழுத்துவது. மூன்றாவது மட்டும் ஆபத்தானது.

7. துடைப்பது, அப்புறம்தான் சொட்டு மருந்து

வரிசை இதுதான்: மசாஜ், துடைப்பு, சொட்டு. மருந்தை முதலில் விட்டு அப்புறம் மசாஜ் செய்தால், மேலே வருகிற பீளையோடு மருந்தையும் துடைத்து எடுத்துவிடுவீர்கள்.

கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான காஸ் துணி போதும். மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, அந்தத் துண்டை எறிந்துவிட்டு அடுத்தது. நல்ல கண்ணை முதலில், அடைப்பு உள்ள கண்ணை அப்புறம். திருப்பூர்ப் பக்கம் வீட்டில் பனியன் வேஸ்ட் எப்போதும் கிடக்கும், கை தானாக அதற்குப் போகும். வேண்டாம், நூல் உதிரும். முந்தானையும் வேண்டாம். எச்சில் துடைக்கிற துண்டால் கண்ணைத் துடைப்பதுதான் சி.பி. வீடுகளில் நான் அதிகம் பார்க்கிற தவறு. வாயின் கிருமி அத்தனையும் கண்ணுக்குப் போகும். எச்சில் துண்டு ஒரு நிறம், கண் துணி ஒரு நிறம் என்று பிரித்துவிடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் சொட்டு, பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும்போது டாக்டர் சொல்கிற நாட்களுக்கு மட்டும். வெறும் நீர் வடிவதற்கு அது எதுவும் செய்யாது, குழாயையும் திறக்காது. மெடிக்கலில் போய் "போன தடவை கொடுத்ததையே கொடுங்க" என்று வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டைக் கேட்காமல் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

8. வீட்டுப் பெரியவர்களிடம் பேச வேண்டியது

"ஏங்கண்ணு, நாங்கெல்லாம் தாய்ப்பால் உட்டுத்தான சரி பண்ணுனோம்?" என்று அம்மிச்சி கேட்பார். பத்தில் ஒன்பது தானாகத் திறக்கிற நோய்க்கு எதை விட்டாலும் சரியான மாதிரிதான் தெரியும். சண்டை போடாமல் இதைச் சொல்லிப் பாருங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மை எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்.

குளிக்க வைக்கும்போது மூக்கைப் பிடித்து நீவி, உள்ளே ஊதிவிடுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். விழுங்கத் தெரியாத குழந்தைக்கு மூச்சுக்குழாயில் தண்ணீர் போகும். சாம்பிராணிப் புகையும் கண்ணீரைக் கூட்டும்.

9. எப்போது ப்ரோபிங்

ஒரு வயது தாண்டியும் நீர் நிற்கவில்லை என்றால் ப்ரோபிங் பற்றிப் பேச்சு வரும். மெல்லிய, முனை மழுங்கிய கம்பியைத் துளை வழியாக இறக்கி அந்தச் சவ்வைத் திறப்பது. சில நிமிட வேலை, தையல் கிடையாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் தடவையிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் சிலிகான் குழாய் வைப்பார்கள், பலூன் வைத்து விரிப்பதும் உண்டு.

சி.பி. வீடுகளில் இந்த முடிவைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். உட்காரவே இல்லை, இதில் கண்ணீர் ஒரு பெரிய விஷயமா என்கிற எண்ணம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விழிமேல் பீளை படிந்தே இருந்தால் குழந்தை பொம்மையைப் பார்க்காது. பார்க்காத பொருளுக்குக் கை நீட்டாது, தலையைத் தூக்காது. தெரபிக்குக் கொட்டுகிற உழைப்பு அங்கே வீணாகிறது.

10. மயக்க மருந்துக்கு முன்

சி.பி. குழந்தைக்கு ப்ரோபிங்கைவிட மயக்க மருந்துதான் பெரிய வேலை. அதனால் கண் டாக்டரைப் பார்ப்பது போலவே மயக்க மருந்து டாக்டரையும் முன்கூட்டியே பார்க்கக் கேளுங்கள். குழாய் திறந்ததா என்று பார்க்க உப்புநீர் விட்டுக் கழுவுவார்கள், அது மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கும். தண்ணீர் குடித்தால் புரையேறுகிற குழந்தை என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அடிக்கடி நெஞ்சுச் சளி, பால் எதுக்களிப்பு, கட்டுக்குள் வராத வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும், குழந்தைகள் ஐ.சி.யு. உள்ள மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

வலிப்பு மருந்தை நிறுத்தாதீர்கள். அன்று காலை வேளையை எந்த நேரத்தில், எவ்வளவு தண்ணீரோடு கொடுப்பது என்று மயக்க மருந்து டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இறுக்கத்துக்கு பேக்லோஃபென் எடுத்தால் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

வெறும் வயிறு கணக்கு வழக்கமாக இப்படி: தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, பசும்பால், பவுடர் பால், ராகிக் கூழுக்கு 6. புரையேறாமல் இருக்கப் பவுடர் கலந்து கெட்டியாக்கிய தண்ணீர், தண்ணீர் கணக்கில் வராது, உணவுக் கணக்கில்தான் வரும். இதில் ஏமாந்து தேதி தள்ளிப்போன குடும்பங்கள் உண்டு. உங்கள் குழந்தைக்கு டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

பல் பார்க்க வேண்டும், காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா சோதனை எடுக்க வேண்டும், காலின் இறுக்கத்தைக் குறைக்கிற போட்டாக்ஸ் ஊசி போட வேண்டும் என்று ஏதாவது பாக்கி இருந்தால், ஒரே மயக்கத்தில் சேர்த்து முடிக்க முடியுமா என்று கேளுங்கள். கண்ணுக்கு மட்டுமான மருத்துவமனையில் முடியாது, பல பிரிவுகள் உள்ள இடத்தில் சில நேரம் முடியும். கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்வதில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் காட்டிக் கேளுங்கள். அட்மிஷன் அன்று கேட்டால் அலைச்சல்தான்.

சளி, இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். தேதி போனால் போகட்டும்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் ஓரிரு நாள் கண்ணீரிலோ மூக்கிலோ லேசாக ரத்தச் சாயல் இருக்கலாம். மயக்கம் முழுதாகத் தெளிந்து, எச்சிலை வழக்கம்போல் விழுங்குகிறது என்று தெரிந்த பிறகே, நிமிர்த்தி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினால், காய்ச்சல் வந்தால், சாப்பிடும்போது வழக்கத்தைவிட அதிகமாக இருமினால் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது நெஞ்சு விவகாரம், உடனே கூட்டிப் போங்கள்.

சிலிகான் குழாய் வைத்திருந்தால் அது சில மாதம் உள்ளேயே இருக்கும். உள்மூலையில் மெல்லிய கண்ணாடி நூல் மாதிரி தெரியும். கண்ணைக் கசக்குகிற, கையை வீசுகிற குழந்தை அதை இழுத்துவிடும் என்பதால் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும். தூங்கும்போது முழங்கை மடங்காதபடி துணி உறை போடலாமா என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். நூல் வளையமாக வெளியே வந்துவிட்டால் வெட்டக் கூடாது, இழுக்கவும் கூடாது. மூக்கோரமாக டேப்பால் ஒட்டிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போகும்போது காலைக் கண் வீடியோவை மறுபடியும் எடுத்துக்கொண்டு போங்கள், பழையதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.